ஆறு றாத்தல் பதினைந்து அவுன்ஸ்

தமிழில் 'பாஸ்' என்று எழுதினால் அது எந்தப் பாஸ் என்று தமிழுக்கே தெரியாது. சோதனை பாஸ் பண்ணலாம். வீட்டுக்குச் சுவர் வைக்க மேசன் பாஸைக் கூப்பிடலாம். ரொறன்ரோவில் மாதம் பிறந்தால் பஸ்ஸுக்குப் பாஸ் வாங்கலாம். தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருவதற்கும் இயக்கத்திடம் ஒரு பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. சனம் அதற்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது. இவை போதாதென்று ஒன்ராறியோ ஏரிகளில் பச்சை முதுகும் அகன்ற வாயுமாக ஒரு மீன் திரிகிறது. அதற்கும் அதே பெயர். ஆங்கிலேயன் மீனுக்காவது வேறு எழுத்து, வேறு ஒலி வைத்திருக்கிறான். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட வாய்ப்பான சொல் கிடைக்காது. நான் அப்போது சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதியது ஒரு வாரப் பத்திரிகையில். தமிழ்க் கடைகளின் வாசலில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், இலவசமாக அடுக்கி வைப்பார்களே, அந்த வகை. பகலில் டவுன்டவுனில் ஒரு கார்ப் பார்க்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கெற் கிழிப்பேன். கார் வராத நேரத்தில் உலக இலக்கியம் வாசிப்பேன். வாசித்ததில் விளங்காததையெல்லாம் பகிடியாக மாற்றி வியாழக்கிழமை ஆசிரியரிடம் கொடுப்பேன். எனக்கு நாற்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அந்தப் பத்தியை நீட்டினால், வாசித்துவிட்டு மேலே கேட்காமல் போய்விடுவார்கள்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நானும் அத்தானும் குடியிருந்தோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஊரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்தவர். ஒரு கோடு போடுவதற்கு முன் மூன்று தரம் அளப்பார். ரொறன்ரோவில் அவருக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

அக்காவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நாலு வருடமாக அத்தான் அக்காவைக் காணவில்லை. கனடாவுக்கு வருவதற்கான பேப்பரெல்லாம் சரியாகிவிட்டது. இருவரும் கொழும்புக்கு வந்து சேர்ந்தால் போதும். ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடப் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒரு ஆள் பிணை நிற்க வேண்டும். ஒரு ஆள் ஒரு குடும்பத்துக்குத்தான் பிணை நிற்கலாம். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அம்மாவுக்காக ஒத்துக்கொண்டிருந்தார். இனிக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தொலைபேசி இல்லை. கடிதங்களை வெள்ளவத்தையில் இருந்த மாமி, போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார். ஒரு கடிதம் ஒரு மாதத்திலும் போகும், நாலு மாதத்திலும் போகும், போகாமலும் விடும்.

இப்படிக் காத்திருக்கிற மனிதன் ஒன்றில் குடிப்பான், அல்லது கோயிலுக்குப் போவான். அத்தான் மீன் பிடிக்கப் போனார்.

ஒஷாவாவுக்கு வடக்கே ஸ்கூகொக் என்று ஒரு ஏரி இருக்கிறது. கோடையில் சனிக்கிழமைகளில் என்னுடைய பழைய காரில் அங்கே போவோம். முதல் வருடம் எல்லாரையும்போல மண்புழுவும் சின்னத் தூண்டிலுமாகக் கைநீள மீன்களைப் பிடித்தோம். அவற்றை நான் பொரித்தேன். மேல்வீட்டு அன்ரி மீன் மணத்துக்காகவும், பிறகு கொண்டுபோய்க் கொடுத்த மீனுக்காகவும் இரண்டு தரம் கீழே இறங்கி வந்தார். அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

ஏரிக்குப் போகும் வழியில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு முழு மீன், மரத்தில் செய்தது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இருக்கும். நடுவில் மூட்டு, பின்னால் ரப்பர் வால், வயிற்றில் இரண்டு பெரிய கொழுக்கி. கலிபோர்னியாவில் இப்படித்தான் பிடிக்கிறார்களாம். இதை எறிந்து மெல்ல மெல்ல இழுத்தால் உயிர்மீன்போல நெளிந்து வரும். சின்ன மீன்கள் பயந்து ஓடும். ஏரியிலேயே பெரிய பாஸ் எதுவோ, அது மட்டும்தான் இதைத் தின்னலாம் என்று நினைக்கும். ஒரு கோடையில் ஒரு தரம் கடித்தால் அதிர்ஷ்டம் என்றார் கிழவர். விற்கிறவன் சொல்கிற பேச்சா இது என்று நான் நினைத்தேன். அத்தானின் கண் அந்தப் பெட்டியை விட்டு எழும்பவில்லை.

"அத்தான், உதைப் பிடிக்கவே ஒரு தூண்டில் வேணும் போலை கிடக்கு" என்றேன்.

"சின்ன இரைக்குச் சின்ன மீன் நூறு வரும்" என்றார். "எனக்கு ஒண்டு காணும், மச்சான்." அவருக்கு ஒன்றே போதுமாம்.

அவர் அதை வாங்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாண் வைத்து அளந்தார். வீட்டுக்கு வந்து வரைந்தார். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம். கலிபோர்னியா மரமீன் ட்ரவுட் என்ற மீனைப்போல வர்ணம் பூசியது, ஸ்கூகொக்கில் பாஸ் தின்பது மஞ்சள் பேர்ச் என்ற சின்ன மீனை, ஆகவே எங்கள் மீன் மஞ்சளாக இருக்கவேண்டும் என்றார். தொழிற்சாலையில் கழித்த சீடர் மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு மாதம் செதுக்கினார். வாலுக்கு நான் கோப்பை கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை போனது. அதற்குப் பிறகு நான் வெறுங்கையோடு கழுவினேன்.

மரமீனை ஓட்டிப் பார்ப்பதற்கு வீட்டில் ஒரே ஒரு நீர்நிலைதான் இருந்தது. காலையில் நான் துவாயோடு போய் நின்றால், அத்தான் குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருப்பார்.

"அத்தான், எனக்கு வேலைக்கு நேரமாகுது."

"ரெண்டு நிமிசம். வலப்பக்கம் சாயுது."

"நான் குளிக்கோணும்."

"குளியன். கொழுக்கி இன்னும் பூட்டேல்லை."

வயிற்றில் ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும், கடைசியில் ஒருநாள் அது தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நெளிந்துகொண்டு போனது. கையுறை வால் இரண்டு பக்கமும் ஆடியது. நான் இலேசில் வியக்கிற ஆளில்லை. ஆனாலும் துவாயோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் குளிக்காமல்தான் வேலைக்குப் போனேன்.

பிறகு ஒரு முழுக் கோடை. வாடகைக்கு எடுத்த சின்ன வள்ளத்தில் நான் துடுப்புப் போட, அத்தான் முன்பக்கம் நின்று அந்தக் கட்டையை எறிவார். அது தண்ணீரில் விழும் சத்தத்துக்கு அடுத்த வள்ளத்துக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எறிவார், மெல்லச் சுற்றுவார், எறிவார். காலையிலிருந்து பின்னேரம்வரை. இரண்டு மூன்று தரம் நீர்ப்பாசிக்குள்ளிருந்து ஒரு நிழல் எழும்பி மரமீனுக்குப் பின்னால் வந்தது. வள்ளம்வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் போனது. அத்தானுக்கு அந்த நிழல் வந்த நாட்கள் பண்டிகை. வராத நாட்களிலும் அவர் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை தோளில் தைலம் பூசிக்கொண்டு கதவு செய்யப் போனார்.

மேல்வீட்டு அன்ரி சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசலில் நின்று கேட்பார்: "என்ன தம்பியவை, பாஸ் கிடைச்சுதோ?"

"இல்லை அன்ரி" என்பார் அத்தான். "ரெண்டும் இல்லை."

இது எங்கள் வீட்டின் வாராந்தப் பகிடி. அத்தான் சொன்ன ஒரே பகிடியும் அதுதான்.

தொண்ணூற்றைந்தாம் வருடம், பாஸ் பிடிக்கும் காலம் தொடங்கி மூன்றாவது சனிக்கிழமை. காற்றில்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ருஷ்ய நாவலின் நானூறாம் பக்கத்தில் இருந்தேன். அத்தான் சத்தம் போடவில்லை. "மச்சான், வலை" என்றார், சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதுபோல. நிமிர்ந்து பார்த்தபோது தூண்டில் கோல் வில்லாக வளைந்திருந்தது. வள்ளமே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் வலையை எடுத்தேன், தவறான பக்கத்தில் போட்டேன், நாவலைத் தண்ணீருக்குள் விட்டேன். இரண்டாம் தரம் வலைக்குள் ஏதோ ஏறியது. தூக்கினால் ஒரு பச்சைப் பிள்ளையின் பாரம்.

வாய் ஒரு சிறு சட்டிபோல. அந்த வாயின் ஓரத்தில், சிறுபிள்ளைச் சாமான்போல, எங்கள் மஞ்சள் மீன் தொங்கியது.

அத்தானிடம் ஒரு தொங்கு தராசு இருந்தது. பிடித்துப் பார்த்தார். முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"ஆறு றாத்தல் பதினைஞ்சு அவுன்ஸ்."

"ஏழு எண்டு சொல்லுவம்."

"ஏன்?"

"ஒரு அவுன்ஸ்தானே அத்தான். ஆர் கேக்கப்போகினம்?"

"அந்த ஒரு அவுன்ஸ் இந்த மீனிலை இல்லை" என்றார்.

படம் எடுக்க நான் கமரா கொண்டு போயிருந்தேன். நாலு படம் எடுத்தேன். உள்ளே பிலிம் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கிடையில் அத்தான் மீனைத் தண்ணீருக்குள் இறக்கிக் கீழ்த்தாடையைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் என்ன செய்கிறார் என்று விளங்க நேரம் எடுத்தது.

"அத்தான், விடப்போறியளோ? ரெண்டு வருசமாக் கிடந்து பிடிச்சது விடுறதுக்கோ?"

"பெரிசெல்லாம் பெட்டை மீன், மச்சான். இவ்வளவு வளரப் பத்துப் பதினைஞ்சு வருசம் செல்லும். நான் பிடிக்கத்தான் ஆசைப்பட்டனான். தின்ன இல்லை."

மீன் வாலை ஒருதரம் அடித்தது. அவருடைய முகமெல்லாம் தண்ணீர். துடைக்காமல் சிரித்தார். கனடாவுக்கு வந்து நாலு வருடத்தில் அவருடைய பல்வரிசையை நான் அன்றுதான் முழுதாகக் கண்டேன்.

"ஒண்டு வந்திட்டுது" என்றார். "மற்றதும் வரும்."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் குளிக்கப் போனார். எனக்கு இந்தச் செய்தியை யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. அன்ரி கோயிலுக்குப் போயிருந்தார். ரெலிபோன் காட்டில் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. கொழும்பில் அப்போதுதான் விடிகிறது. வெள்ளவத்தை மாமிக்கு எடுத்தேன். அந்தக் காலத்து லைனில் நாங்கள் பேசுவது நாலு நொடி கழித்து எங்களுக்கே திரும்பி வரும். மாமிக்கு ஒரு காது வேறு மந்தம்.

"ஹலோ! ஆர்?"

"நான்தான் மாமி. கனடாவிலையிருந்து."

"என்ன தம்பி, விடியக்காலமை? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. நல்ல புதினம் மாமி. அத்தானுக்குப் பாஸ் கிடைச்சிட்டுது!"

"என்ன கிடைச்சதாம்?"

"பாஸ், மாமி, பாஸ்! பெரிய பாஸ்!"

"பெரிய இடத்துப் பாஸோ? என்ரை முருகா!" மாமி அழத் தொடங்கிவிட்டார்.

நான் கொஞ்சம் பொறுத்தேன். பகிடி சொல்லத் தெரிந்தவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் இரகசியம் அதுதான்: கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு விடவேண்டும். மாமி நம்பி முடியட்டும், பிறகு 'ஆறு றாத்தல் பதினைந்து அவுன்ஸ்' என்று போடுவோம் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்குள் காட் முடிந்தது. 'பெரிய பாஸ்' என்ற என் குரல் எனக்கே ஒருதரம் திரும்பி வந்தது. பிறகு லைன் செத்துவிட்டது.

அடுத்த நாள் புதுக் காட் ஒன்று வாங்கியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அந்தப் பகிடியைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை கொடுத்தேன். நான் எழுதியவற்றுள் அதற்குத்தான் நல்ல வரவேற்பு. கடைகளில் ஆட்கள் என்னைக் கண்டதும் "என்ன, பாஸ் கிடைச்சுதோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல நின்றேன்.

இரண்டு கிழமை கழித்துத்தான் மாமிக்கு எடுத்தேன்.

"நீ சொன்ன அண்டைக்கே உன்ரை அக்காவுக்கு எழுதிப்போட்டன்" என்றார் மாமி. "அடுத்த நாள் போன ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டது. இப்ப சேர்ந்திருக்கும். நீங்கள் பெரிய இடத்திலை எடுத்திட்டியள், இனி அலையத் தேவையில்லை எண்டு வடிவா எழுதினனான்."

"மாமி, அது மீன்."

"என்ன?"

"மீன்! நான் சொன்னது மீனை!"

"மீனோ? மீன் விலை இஞ்சை கிட்டவும் போகேலாது தம்பி. உங்கை எப்பிடி?"

அன்றைக்கே உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவனுக்கு அது ஆறு வரிக்குமேல் வரவில்லை. 'மாமிக்குப் பிழையாக விளங்கிவிட்டது' என்று தொடங்கினேன். விளங்கிய பிழையும் மாமியுடையது ஆகட்டுமே என்று. அத்தான் பிடித்தது ஒரு மீன், இங்கே அதன் பெயர் பாஸ், ஊரில் எடுக்கவேண்டிய பாஸை எடுக்கவும் என்று முடித்தேன். எவ்வளவு பெரிய மீன் என்று எழுதக் கை கூசியது. அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி முடிவில் ராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுக்க ஊரை விட்டு எழும்பி நடந்தது. இதை வாசிக்கிறவர்களுக்கு அதை நான் விபரிக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் நடந்தவர்கள், மற்றப் பாதி நடந்தவர்களைத் தேடி ரெலிபோன் சுற்றியவர்கள். அத்தான் வேலைக்குப் போவார், வருவார், தமிழ் வானொலிக்கு முன்னால் கோட்டைக் கழற்றாமல் இருப்பார். தையில் மாமி எடுத்தார். அக்கா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அம்மா மார்கழியில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே போய்விட்டா. முதலில் கால் வீங்கியது, பிறகு இருமல், பிறகு மூச்சு. காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. பேஸ்மென்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினோம். மேல்வீட்டு அன்ரி மூன்று நாள் சோறு கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. அக்கா அத்தானுக்கு எழுதியது, கார்த்திகை மாதம் எழுதியது. அந்தக் கடிதத்துக்குள் அம்மா உயிரோடு இருந்தா.

அத்தான் வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூடக் கொப்பித் தாள். 'இங்கே ஒரு வகுப்பறையில் இருக்கிறோம். அம்மா சுகம், கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உங்களுக்குப் பெரிய இடத்துப் பாஸ் கிடைத்ததாக மாமி எழுதியிருந்தா. அதனால் வாத்தியாரின் பிணையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். புரட்டாதியில் வெளிக்கிட்டாள், கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி. எங்கள் பாஸ் எப்போது வரும் என்று அறிவிக்கவும். அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா.'

அத்தான் மேசையைத் துணியால் துடைத்தார். அது துப்புரவாகத்தான் இருந்தது.

"நீ மாமிக்கு என்ன சொன்னனி?" என்றார்.

சொன்னேன். காட் முடிந்ததையும், நான் விட்ட மூச்சையும், கட்டுரையையும், ஆறு வரிக் கடிதத்தையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அடுக்கு வசனம் இல்லாமல் பேசிய நேரம் அதுதான். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அவர் கையிலிருந்த துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"றாத்தலைச் சொல்லியிருக்கலாமே, மச்சான்" என்றார். "முதலே ஆறு பதினைஞ்சு எண்டு சொல்லியிருந்தா, மீன் எண்டு விளங்கியிருக்கும்."

அவ்வளவுதான். அன்றைக்கும் அதற்குமேல் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்தச் சொல் எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. பஸ்ஸுக்கு வாங்குவதை 'மாதக் காட்' என்றோம். மீனை 'அது' என்றோம். பிறகு அதையும் சொல்லத் தேவை வரவில்லை. அடுத்த கோடையில் அத்தான் ஏரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த கோடையிலும் இல்லை. மரமீன் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள், பழந்துணியில் சுற்றி, அவருடைய கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நான் சிரிப்புக் கட்டுரையை நிறுத்தினேன். ஆசிரியர் அந்த இடத்தில் ராசிபலன் போட்டார். வாசகர்கள் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா திரும்ப யாழ்ப்பாணத்துக்குப் போய், இந்தத் தரம் ராணுவத்திடம், வேறு மேசைக்கு முன்னால், வேறொரு பாஸுக்கு நின்றாள். கப்பலில் கொழும்புக்கு வந்தாள். தொண்ணூற்றெட்டு வைகாசியில் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அத்தான் அவளுக்கென்று வாங்கிய குளிர்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் எங்களுக்கு முன்னால் வந்து நின்ற பிறகும் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, நான்தான்" என்றாள் அக்கா. ஏழு வருடம். அவள் அம்மாவின் உயரத்துக்குக் குறைந்து போயிருந்தாள்.

அவர்கள் அஜக்ஸில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். நான் பேஸ்மென்டிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அக்கா சமைப்பாள், வேலை, குளிர், பஸ் என்று கேட்பாள். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தண்டனையை எதிர்பார்த்துப் போவேன். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

ஆனி கடைசியில் ரெலிபோன் எடுத்தாள்.

"தம்பி, சாமான் அடுக்கேக்கை கட்டிலுக்குக் கீழை ஒரு ரின் கண்டனான். உள்ளுக்கை ஒரு மரமீன்."

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சனிக்கிழமை காரைக் கொண்டு வா. அந்தக் குளத்தைப் பாக்கோணும்."

போனோம். வள்ளம் எடுக்கவில்லை, அக்காவுக்கு இனி வள்ளம் வேண்டாமாம், கடல் கடந்தது காணுமாம். ஏரிக்கரையில் பலகை போட்ட இறங்குதுறை ஒன்று இருந்தது. அதன் நுனியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அவளை இருத்தினோம். அத்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தத் தடித்த கோலை எடுத்தார். தங்கூசி நூலில் மரமீனைக் கட்ட அவருடைய விரல் நேரமெடுத்தது. அக்கா அதை வாங்கி வாலைத் தடவிப் பார்த்தாள்.

"உது என்ன, கையுறையோ?"

"என்ரை" என்றேன்.

அத்தான் எறிந்தார். தண்ணீர் அதிர்ந்தது. மஞ்சள் மீன் மெல்ல நெளிந்து திரும்பி வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி எறிந்தார்.

"உன்ரை கடிதம் வந்தது, தம்பி" என்றாள் அக்கா, தண்ணீரைப் பார்த்தபடி.

"எந்தக் கடிதம்?"

"பாஸ் இல்லை, மீன் எண்டு எழுதினியே. அது."

இரண்டு வருடத்துக்குமேலாக எங்களுக்குள் யாரும் சொல்லாத சொல்லை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். அத்தான் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எப்ப?" என்றேன்.

"பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை. அம்மா இருந்தவ அப்ப. வாசிச்சுக் காட்டினனான். முதல் அவவுக்கு விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. சிரிச்சவ, தம்பி. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்திட்டுது. பக்கத்திலை பாய் போட்டிருந்த சனத்தையெல்லாம் கூப்பிட்டு, 'என்ரை மோன் எனக்குப் பாஸ் எண்டு மீனை அனுப்பியிருக்கிறான், கேட்டியளோ' எண்டு சொன்னவ. வகுப்பறை முழுக்கச் சிரிச்சுது. அதுக்குப் பிறகு அவ அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை."

நான் நன்றாகப் பகிடி எழுதுவேன் என்று அம்மா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"பிறகு, எத்தினை றாத்தலாம் எண்டு கேட்டவ. நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். நீ எழுதேல்லை. சாகுமட்டும் ரெண்டு மூண்டு தரம் கேட்டவ. எனக்குச் சொல்லத் தெரியேல்லை." அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "எத்தினை றாத்தல்?"

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார்.

"ஏழு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏழு றாத்தல்."

"காய்ச்சினியளோ?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஓம்."

"ஆர் காய்ச்சினது?"

"நான்தான்" என்றேன்.

"குளத்து மீன் சேறு மணக்குமே."

"புளி கூட விட்டவன்" என்றார் அத்தான். "உப்பும் கூடிப்போச்சு."

"அவன் அப்பிடித்தான்" என்றாள் அக்கா.

மரமீன் இறங்குதுறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், இழுப்பார் இல்லாமல், ஒரு பக்கம் சரிந்து மிதந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கி எதையோ கூட்டினாள்.

"எங்கடை வகுப்பறையிலை அம்மாவோடை பதினாலு பேர்" என்றாள். "ஆளுக்கு அரை றாத்தல்."

பிறகு, கறியைப் பார்த்துவிட்டுச் சட்டியை மூடுகிறவள்போல, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"காணும்" என்றாள்.